கன்னிமார் விட்டுவைத்த நிழல்

வைகாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, பொழுது சாய்வதற்குள், பாவாத்தாளுடைய அஞ்சு ஏக்கர் மேய்ச்சல் காட்டில் நின்ற மரம், செடி, கொடி, முள்ளு அத்தனையையும் மண் தோண்டும் மெஷின் ஒன்று வேரோடு பிடுங்கி லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் சூரியன் கிளம்பியபோது அந்த மரம் செடிகளின் நிழல்கள் மட்டும் வழக்கம்போல அதனதன் இடத்தில் விழுந்து கிடந்தன.

அதை முதலில் கண்டது மாடுகள். பாவாத்தாளுக்கு மாடு அஞ்சு. சாம்பல் நிறத்தில் மயிலை மூன்று, கறுப்பில் காரி ஒன்று, எல்லாவற்றிலும் இளையதாகச் சிவப்பில் செவலை ஒன்று. கட்டுத்தரையிலிருந்து அவிழ்த்துவிட்டதும் அவை நேராகக் காட்டுக்கு நடந்தன. நாலு பக்கமும் கிளுவை வேலி இருந்த இடத்தில் இப்போது ஒரு குச்சிகூட இல்லை, எந்தப் பக்கமாகவும் உள்ளே போகலாம். ஆனாலும் கிளுவையின் நிழல் தரையில் கோடு போட்டதுபோல ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்து அஞ்சும் அதைத் தாண்டாமல், ஓரமாகவே சுற்றிப் போய், முள்ளுப்படல் வைத்துச் சாத்தும் வாசல் இருந்த இடைவெளி வழியாக ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்தன. உள்ளே போய் வெள்வேல மரத்து நிழலில் ரெண்டும் உசில மரத்து நிழலில் ரெண்டுமாகப் படுத்து அசை போட்டன. காரி மட்டும் கழுத்தைத் தேய்த்துக்கொள்ள வெள்வேலத்தைத் தேடிப் போய், இல்லாத மரத்தில் சாய்ந்து, தடுமாறி, யாராவது பார்த்தார்களா என்பதுபோல ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

பாவாத்தாள் திகைத்து நிற்கவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு காட்டு மூலையில் இருந்த கன்னிமார் கல் ஏழையும் பார்த்துக் கை கூப்பினாள். அவள் கேட்டது அதுதான்.

கேட்பதில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரிசாகக் கேட்டால் சாமிக்குச் சங்கடம் என்று கொஞ்சமாகத்தான் கேட்பாள். மகன் தெய்வசிகாமணி பத்தாவது எழுதினபோது, பாஸாச்சும் ஆகட்டும் ஆத்தா என்று கேட்டாள். பையன் எல்லாப் பாடத்திலும் முப்பத்தைந்தே வாங்கிப் பாஸானான். மகள் மரகதத்துக்கு வரன் பார்க்கையில், கை நீட்டாத மாப்பிள்ளையாச்சும் அமையட்டும் என்றாள். மருமகன் இன்றைக்கு வரைக்கும் கை நீட்டியதில்லை, அதற்கு மேல் அவரைப்பற்றி மரகதம் ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. வீட்டுக்காரர் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, வலியில்லாமலாச்சும் இருக்கட்டும் என்று விளக்கு வைத்தாள். எட்டாம் நாள் தூக்கத்திலேயே வலியில்லாமல் போய்ச் சேர்ந்தார். மெஷின் வருவதற்கு முந்தின நாளும் அப்படித்தான். மரத்தைக் கேட்டால் பையன் மனசு நோகும், கேட்காமல் விட்டால் வாயில்லாப் பண்டம் வெயிலில் வாடும் என்று ரெண்டு பக்கமும் யோசித்து, "மாட்டுக்கு நெழலாச்சும் வுட்டு வையுங்க ஆத்தாமாரே" என்று கேட்டுவிட்டு வந்தாள். அந்த அஞ்சு மாடும் அந்தக் காட்டிலேயே மேய்ந்து அந்தக் காட்டிலேயே வயசாக வேண்டும், அதற்கு மேல் அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

தெய்வசிகாமணி கெட்ட பிள்ளை இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தாயைப் பார்க்க வருவான், வரும்போது முட்டி வலிக்குத் தைலம் வாங்கி வருவான். தீவன விதை விற்கிற ஆள் ஒருவன் அவனிடம், உங்கள் காட்டில் நாற்பது வகைச் செடி நிற்கிறது, அதில் மாட்டுக்கு ஆகிறது பத்துகூட இல்லை, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எங்கள் புல் ஒன்றை மட்டும் போட்டால் நாலு மடங்கு அறுக்கலாம் என்று சொல்லியிருந்தான்.

"ஏம்மா, அந்த ஆவாரையில மாடு வாய் வெக்குதா?"

"இல்லீடா சாமி."

"சங்கமுள்ளுல?"

"அது மூஞ்சியக் கிழிச்சுப் போடுமே."

"பொறவு என்ன கெரகத்துக்கு அதுக்கெல்லாம் எடமும் தண்ணியும்? பாதிக் காடு சும்மா நிக்குதும்மா. நீங்க வெய்யல்ல திரிஞ்சு கருவாடாப் போனதுதான் மிச்சம்."

அவளுக்குப் பதில் தெரியும். மாடு வாய் வைக்காத ஆவாரையின் அடியில்தான் மாட்டுக்குத் தப்பின கொழுக்கட்டைப் புல் நாலு தூர் ஒளிந்துகொண்டு நிற்கும், அடுத்த மழைக்கு அதுதான் விதை. சங்கமுள்ளுக்குள்தான் காடை முட்டை வைக்கும், அந்தக் காடைதான் புழுவைப் பொறுக்கும். ஆனால் அடுப்படியில் உப்பு எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிவதுபோல அது அவளுக்குத் தெரியுமே தவிர, வாயில் எடுத்து அவள் யாருக்கும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. "உனக்கு எது நல்லதுன்னு படுதோ செய் கண்ணு" என்றாள்.

கருக்கங்காட்டுப்புதூர் ஊர்க்காரர்கள் அந்த நிழலை ஏற்றுக்கொள்ள ரெண்டு நாள்கூட ஆகவில்லை. முதலில் வந்தவள் கிழக்குக் காட்டுப் பழனாத்தாள். இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துவிட்டு, "ஏனக்கா, மரத்தைத் தாட்டியுட்டுப் போட்டு நெழலை மட்டும் புடிச்சு வெச்சுக்கிட்டீங்களா? கெட்டிக்காரிதான் போங்க! எனக்கும் அப்புடி ஒண்ணு சொல்லித் தர்றது, எங்க மாமியாளைத் தாட்டியுட்டு அவிய நகையை மட்டும் வெச்சுக்கறேன்" என்று சிரித்தாள். சாயங்காலம் அந்த நிழலெல்லாம் நீண்டு அவள் காட்டுப் பக்கம் போய் விழுந்தபோது அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் கன்றுக்குட்டிகளைக் கொண்டுவந்து அதில் கட்டினாள். காலை நிழல் மேற்கே, ஊராட்சித் தலைவர் செங்கோட்டுவேலின் காட்டில் விழுந்தது. அவர் அதில் கட்டில் போட்டுப் பேப்பர் படித்தார். இது யார் நிழல் என்று பேச்சு வந்து, ஊர் கூடி, யார் மண்ணில் விழுகிறதோ அவர்களுக்கே அது சொந்தம், காலை நிழல் செங்கோட்டுவேலுக்கு, சாயங்கால நிழல் பழனாத்தாளுக்கு, உச்சிப்பொழுது நிழல் பாவாத்தாளுக்கு என்று முடிவானது. உச்சிப்பொழுதில் நிழல் எவ்வளவு இருக்கும் என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. பாவாத்தாளும் கேட்கவில்லை.

நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் அங்கே உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் போனில் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்ப, பார்த்தவர்கள், மரத்தை அழித்துவிட்டுப் படத்தைப் போட்டிருக்கிறார்கள், நல்ல வேலைப்பாடு என்று பதில் எழுதினார்கள். அது பொய்யும் இல்லை. ஆவாரை பூக்கிற மாதத்தில் அதன் நிழலும் பூத்தது. காற்றடித்தால் நிழல்கள் ஆடின. குருவிகள் மட்டும் ஒரு வாரம் வந்து, உட்கார இடம் தேடி அந்தரத்தில் படபடத்துவிட்டு, பிறகு வரவில்லை.

அந்த ஐப்பசியில் மழை நன்றாக இறங்கிற்று. புதுப் புல் ஒரே உயரத்துக்கு, ஒரே பச்சையில், சீப்பு வைத்து வாரிவிட்டதுபோல எழும்பியது. அறுத்துக் கட்டி மாளவில்லை. தெய்வசிகாமணி வரப்பில் நின்று, "பாத்தீங்களாம்மா?" என்றான். அவள், "பாத்தேன் சாமி, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குது" என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

அதைப் பார்த்த ஊர் சும்மா இருக்குமா? "மரத்துக்குத்தான் முள்ளு, நெழலுக்கு ஏது முள்ளு?" என்றார் செங்கோட்டுவேல். "எலை கொட்டாது, வேர் ஓடாது, குருவி எச்சம் போடாது. மரம் போனாலும் நெழல் நிக்குதுன்னா மரத்தை வெச்சுக்கிட்டு மாரடிக்கறது யாருங்க?" பொங்கல் கழிவதற்குள் மெஷின் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. பாவாத்தாள் கும்பிடும்போது யாருடைய மாட்டுக்கு என்று சொல்லியிருக்கவில்லை. ஆகவே எல்லாக் காட்டிலும் நிழல் நின்றது. இருநூறு ஏக்கர் காட்டில் ஒரு குச்சி இல்லாமல் நிழலாகவே ஒரு காடு படுத்துக் கிடந்தது. அப்போதுதான் அவளுக்கு முதல் தரமாக நெஞ்சில் ஒரு முள் தைத்தது. நிழலை விட்டு வைக்காதிருந்தால் இந்த ஜனங்கள் மரத்தைத் தொடப் பயந்திருப்பார்கள். அதை வெளியே சொல்லவில்லை. ஊரே கன்னிமாருக்குப் பொங்கல் வைத்துக் கொண்டாடுகிற நேரத்தில் எதைப் போய்ச் சொல்வது?

அடுத்த வருசம் மழை தள்ளிப் போனது. அதற்கடுத்த வருசம் வரவேயில்லை.

மழை பொய்த்த வருசம் அந்த மண்ணுக்குப் புதுசு இல்லை. முன்பெல்லாம் ஐப்பசி மழை ஏமாற்றினால் கொழுக்கட்டைப் புல் படுத்துக்கொள்ளும், அது படுத்தால் அதன் இடுக்கில் செப்பு நெருஞ்சி படர்ந்து பனித் தண்ணியிலேயே ஒரு மாதம் ஓட்டும், அது கருகினால் நரிப்பயத்தங்கொடி வேலியைப் பிடித்து ஏறும், மாசி பங்குனியில் எல்லாம் தீய்ந்து மண் வெளுத்துப் போகையில் யாரும் தண்ணீர் காட்டாமலே உசிலை தளிர்க்கும், சித்திரையில் வெள்வேலங்காய் கலகலவென்று உதிரும், அதைத் தின்றே மாடுகள் பால் வற்றாமல் ஆடிக் காற்று வரைக்கும் வந்து சேரும். ஒன்று விட்டதை ஒன்று பிடித்து, ஒன்று தூங்கினால் ஒன்று விழித்து, நாற்பதும் கூட்டுக் குடும்பம்போலச் சண்டையும் சச்சரவுமாக நின்று அந்தக் காட்டை எந்த வருசமும் முழுசாகச் சாக விட்டதில்லை. பால் வாசத்தை வைத்தே பாவாத்தாள் மாதம் சொல்லுவாள். இப்போது நின்றது ஒன்றே ஒன்று. அது ஒரே நாளில் கதிர் விட்டது, ஒரே நாளில் காய்ந்தது. காய்ந்தது போக மிச்சத்தில் ஒரு வெள்ளைப் பூச்சி விழுந்தது. ஒரு தூரில் விழுந்த பூச்சிக்கு அடுத்த தூரும் அதே ருசியாக இருந்ததால் நிற்காமல் தின்றுகொண்டே போய் அஞ்சே நாளில் காட்டின் மறு கோடிக்கு வந்துவிட்டது.

நிழல் அப்படியே இருந்தது. பங்குனியில் உசில நிழல் தளிர்த்தது. சித்திரையில் வெள்வேல நிழல் காய்த்தது. காற்றுக்கு அந்தக் காய்களின் நிழலும் உதிர்ந்தது. மாடுகள் கீழே போய் நின்று, உதிர்ந்த நிழல்களை ஒவ்வொன்றாக முகர்ந்து, நாக்கால் தரையை நக்கின. நக்கி நக்கி மண்ணில் வழவழப்பான குழிகள் விழுந்தன. பாவாத்தாள் குழம்புக்கு வைத்திருந்த தட்டைப்பயிறைக் கொண்டுபோய் அந்தக் குழிகளில் போட்டாள். அஞ்சு மாட்டுக்கு அது எத்தனை நாளைக்கு வரும்?

முதல் மயிலையைத் தேர்த் திருவிழாவில் கூடும் மாட்டுச் சந்தைக்கு ஓட்டிப் போனார்கள். ரெண்டாவதை வீட்டுக்கே வந்து பிடித்துப் போனார்கள். மூன்றாவது ஒரு நாள் வெள்வேல நிழலில் படுத்தது, எழுந்திருக்கவில்லை. காரியை ஏற்றிப் போன அன்றைக்குத் தெய்வசிகாமணி கட்டுத்தரையில் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, "நா ஒண்ணு நெனச்சேன், அது ஒண்ணு நடந்துபோச்சும்மா" என்று தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "நீயும் நல்லதுதானே கேட்ட சாமி" என்று அவன் முதுகைத் தடவினாள். நாமும் நல்லதைத்தானே கேட்டோம் என்று உள்ளே ஓடிற்று. மிஞ்சியது செவலை. அது சினையாக இருந்தது.

அப்போதுதான் சூரிய வெளிச்சத்தில் கரண்ட் எடுக்கிற கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. புல் முளைக்காத பூமியை முப்பது வருசத்துக்குக் குத்தகைக்கு எடுத்துக் கண்ணாடிப் பலகை நட்டுக்கொள்வார்கள் என்றதும் ஊரே சரி என்றது. வந்த இன்ஜினீயர் பையன் காட்டைச் சுற்றிப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், மறுபடியும் தரையைப் பார்த்தான். நிழல் எங்கிருந்து விழுகிறது என்று அவன் கேட்கவில்லை. "மண்ணு நல்லாத்தான் இருக்குங்க. ஆனா இந்த நெழலுதான் ஆவாது. பலகை மேல நெழல் பட்டா கரண்ட் வராது. இதை எடுத்துக் குடுத்தீங்கன்னா மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றான்.

ஊர் கூடிற்று. மூன்று வருசம் பொங்கல் வைத்தவர்கள்தான். "சாமி குடுத்ததைச் சாமிகிட்டயே ஒப்படைச்சர்றது. அதுல என்ன தப்பு?" என்றார் செங்கோட்டுவேல். பழனாத்தாள், "உறம்பரையா விருந்துக்கு வந்தவிய மூணு வருசம் இருந்தா நாமளே பையை எடுத்துக் குடுக்கோணும்" என்றாள். பூசாரி ஒரு வழி சொன்னார்: ஒவ்வொரு நிழலையும் அதனதன் பேர் சொல்லித் தாட்டி, போய் வா என்று அனுப்பிவிட வேண்டும். அத்தனை பேரும் தெரிந்தவர் யார் என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் பாவாத்தாளைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து தெய்வசிகாமணிதான் கேட்டான். "அம்மா, உங்களுக்குத்தான் எல்லாப் பேரும் தெரியும். ஊரே கேக்குது."

"மாடு என்னாகறது சாமி?"

"எந்த மாடும்மா? ஒண்ணுதான் இருக்குது. அதையும் நல்ல எடமாப் பாத்துக் குடுத்தர்லாம்."

அவள் எழுந்து போய்ச் செவலைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தாள். பிறகு, "செரி, வர்றேன்" என்றாள். ஏனென்றால் அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இந்தத் தரம் கொஞ்சமாகக் கேட்பதில்லை. ஊர் என்னமோ நினைத்துக்கொள்ளட்டும், ஒவ்வொரு பேரையும் சொல்லும்போது, வேரோடு, இலையோடு, முள்ளோடு திரும்பி வா என்று கேட்டுவிடுவது. அஞ்சு ஏக்கரையும் முழுசாகக் கேட்டுவிடுவது.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுது. ஏழு கல்லுக்கும் மஞ்சள் பூசி, தேங்காய் உடைத்து, முந்நூறு பேர் பின்னால் நிற்க, பாவாத்தாள் ஈரச் சேலையோடு கல்லுக்கு முன்னால் நின்றாள். செவலையைப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டாள். யாரையும் போ என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. "வெள்வேலா, போயிட்டு வா" என்றாள் வாயால். வேரோட வா, காயோட வா என்றாள் உள்ளுக்குள். வெள்வேல நிழல் ஒரு தரம் நடுங்கியது. பிறகு நனைந்த தரை காய்வதுபோல ஓரத்திலிருந்து வெளுத்து மறைந்தது. "உசிலா, போயிட்டு வா. ஆவாரஞ்செடி, போயிட்டு வா. சங்கமுள்ளு, போயிட்டு வா. இலந்தை, விடத்தலை, துத்தி, தும்பை, கொழிஞ்சி, போயிட்டு வாங்க. நரிப்பயத்தங்கொடி, ஏஞ் சாமி, போயிட்டு வா." பேர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகப் போயின. ஊரின் எட்டுத் திக்குக் காட்டிலும் அந்தந்தப் பேருக்கு அந்தந்த நிழல் போயிற்று. பின்னால் முந்நூறு பேரும் ஒரே வேண்டுதலோடு நின்றார்கள். அவர்கள் கேட்டது ஒன்றாகவும் அவள் கேட்டது வேறாகவும் இருந்தது. சாமிக்கு ரெண்டும் காதில் விழாமல் இருந்திருக்காது. ஆனால் நாற்பது வருசமாக அவளுக்குக் கொஞ்சமாகவே கொடுத்துப் பழகின கை. திடீரென்று அள்ளிக் கொடு என்றால் எப்படி வரும்? கடைசியில் அவள் கிளுவையைச் சொன்னாள். காட்டைச் சுற்றியிருந்த கோடு அழிந்தது. ஒன்றும் திரும்பி வரவில்லை. வெயில் ஒரே பரப்பாக விழுந்தது.

இன்ஜினீயர் பையன் நடந்து பார்த்துவிட்டுக் கன்னிமார் கல்லுக்கு அருகில் நின்றான். அங்கே ஒரு சாண் நிழல் மிஞ்சியிருந்தது. முழங்கால் உயரம்கூட இருந்திருக்காத ஏதோ செடி, சின்னச் சின்ன இலை.

"இது என்ன செடிங்கம்மா?"

"தெரியாதுங்க சாமி. காலுக்குக் கீழயே கெடந்துச்சு. பேரு வெக்கலை."

அவன் குனிந்து கையால் அளந்தான். "அந்தளவு பரவால்லைங்க. ஒரு பலகைக்கும் படாது."

செவலை மூக்கை மட்டும் அந்த நிழலில் வைத்துக்கொண்டு நின்றது. அதற்குமேல் உடம்புக்கு இடமில்லை.

மாட்டு வியாபாரி தயாராகத்தான் வந்திருந்தான். காட்டுக்கு மேற்கே பத்தடி தூரத்தில் அவன் வண்டி நின்றது. கயிற்றைப் பிடித்து நேராக இழுத்தான். செவலை நடந்து வந்து, கிளுவை வேலி இருந்த இடத்தில், வேலியும் இல்லாமல் வேலியின் நிழலும் இல்லாமல் கிடந்த அந்த வெறும் மண்ணில், முன்னங்கால் ரெண்டையும் ஊன்றி நின்றுவிட்டது. வாலை முறுக்கினான். தட்டிப் பார்த்தான். "என்னுங்கம்மா இது, ஒண்ணுமே இல்லாத எடத்துல நிக்குது?" என்றான். பாவாத்தாள் அவன் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள். செவலை திரும்பி, இல்லாத வேலியின் ஓரமாகவே, நிறை சினை வயிற்றோடு, அந்த வெயிலில் காட்டின் முழுச் சுற்றையும் நடந்து, வாசல் இருந்த இடைவெளி வழியாக வெளியே வந்தது. முந்நூறு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. தெய்வசிகாமணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

செவலையை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பின பிறகும் பாவாத்தாள் வாசல் இருந்த இடத்திலேயே நின்றாள். இந்த ஒண்ணாச்சும் நல்லபடியா கன்னு போடட்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்ததைப் பல்லைக் கடித்து உள்ளேயே நிறுத்திக்கொண்டாள். பிறகு, கடைசியாக வெளியே வருகிறவர் படலைச் சாத்த வேண்டும் என்பதால், தினமும் செய்கிறதுபோலக் குனிந்து, அங்கே இல்லாத வெள்வேல முள்ளுப்படலை ரெண்டு கையாலும் தூக்கி இழுத்து வாசலில் வைத்தாள்.

சுருக்கென்றது. கையை எடுத்துப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் நின்றது. அவள் கேட்டதில் முள்ளு மட்டும் வந்திருந்தது.